மறுப்புக் கடிதத்தில் காலியாக விட்ட இடம்

கையெழுத்து மாதவராஜுடையதுதான். அதில் அவனுக்கே சந்தேகம் இல்லை. கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்துச் சுழிக்கும் பழக்கம் பத்தாம் வகுப்பிலிருந்து இருக்கிறது.

தருமபுரி நுகர்வோர் ஆணையத்தில் நர்சிங் ஹோம் தரப்பு வக்கீல் அந்தக் கடிதத்தைத் தாக்கல் செய்தபோது, மாதவராஜின் வக்கீல் நிர்மலா அதன் நகலை வாங்கிப் படித்துவிட்டு அவன் கையில் கொடுத்தார். ஒரே பக்கம். 'என் மனைவி தேவிப்பிரியாவுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தப்போக்கு இருப்பதால் உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்படி மருத்துவர் கூறினார். நான் என் சொந்தப் பொறுப்பில் மறுக்கிறேன். இதனால் நேரும் எதற்கும் மருத்துவமனை பொறுப்பல்ல.' தேதி செப்டம்பர் 3. நேரம் மாலை 4.10.

பித்தப்பையில் கல் என்று காலையில் நடந்து போய்ப் படுத்தவள் அன்று மாலை 7.40க்கு இறந்தாள்.

நீங்கள் போட்ட கையெழுத்தா என்று நிர்மலா கேட்டார். என்னுடையதுதான் என்றான். எப்போது போட்டீர்கள் என்றார்.

"ஞாபகமில்லீங்க மேடம்."

பொய் இல்லை. அவள் போன பிறகு வந்த இருபது முப்பது நாள்கள் அவனிடம் இல்லை. தட்டில் வைத்ததைத் தின்றான், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். இறப்புச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், இன்சூரன்ஸ் என்று எத்தனையோ தாள்கள். எதையும் படித்ததில்லை.

அவன் மாமனார் கோவிந்தன், மாரண்டஹள்ளியில் தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பறிப்பைக்கூட விட்டுவிட்டுப் பாலக்கோடு வந்து பஸ் மாறி வருவார். பெஞ்சில் மருமகனை ஒட்டித்தான் உட்காருவார். அன்று கடிதம் வாசிக்கப்பட்டதும் எழுந்து போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். திரும்பும்போது தனியாகப் பஸ் ஏறினார். சாயங்காலம் மாமியார் கலைமணியிடமிருந்து போன் வந்தது.

"எங்க புள்ளைய ஏன் மாப்ள கூட்டிக்கிட்டுப் போவ வேணாம்னீங்க?"

இல்லை அத்தை, நான் சொல்லவில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. சொன்னானா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அந்த மாலையை அவன் தோண்டித் தோண்டிப் பார்த்தான். வராண்டாவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் நண்பன் முருகேஷ். மேலே ஆடிக்கொண்டே சுற்றிய மின்விசிறி. ஒரு நர்ஸ் வந்து குனிந்து ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள், இவன் என்ன சொன்னான்? அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கடிதத்தில் மட்டும் பதில் இருந்தது. ஒரு மாதம் போனபின், தான் தலையை ஆட்டி 'வேண்டாம்' என்று சொல்வது அவனுக்குத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. சட்டை நிறம்கூடத் தெரிந்தது.

இதை முருகேஷிடம் மட்டும்தான் சொன்னான்.

முருகேஷுக்குக் கடத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மாதவராஜ் பி.சி.ஏ. படித்தபோது இரண்டு வருடம் அந்தக் கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தமிழ் டைப்பிங் செய்திருக்கிறான். நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனதே முருகேஷ்தான், ஓ.பி. சீட்டெல்லாம் அவன் கடையில்தான் அடிக்கிறார்கள், தெரிந்த இடம், நன்றாகப் பார்ப்பார்கள் என்றான். அவளைத் தூக்கியபோது முன்பக்கம் தோள் கொடுத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு உத்தரகிரியைப் பத்திரிகையை அவனே அடித்து, மொரப்பூர் வரைக்கும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்கப்புறம் ஞாயிறு தவறியதில்லை. வீட்டில் சமைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். வக்கீல் என்ன சொன்னார், அடுத்து என்ன என்று கேட்பான். மாதவராஜ் ஒன்று விடாமல் சொல்வான்.

"நாந்தான் வேணாம்னு சொல்லிட்டனோ என்னமோடா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னான்.

முருகேஷ் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வுடு மாப்ள. அந்த நேரத்துல யாருக்கு என்ன தெரியும்" என்றான்.

வழக்கு நகர்ந்தது. அடுத்த வாய்தாவில் ஆணைய உறுப்பினர் ஒருவர் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் ஐந்து வரிகள் பாதியோடு நின்று, வலது மேல் மூலையில் கட்டமாக ஓர் இடம் வெறுமையாக இருந்தது. ஆறாவது வரியிலிருந்து எழுத்து தாளின் முழு அகலத்துக்கும் ஓடியது. இது எதற்குக் காலியாக இருக்கிறது என்று கேட்டார். ஆஸ்பத்திரி முத்திரை வைக்க விட்ட இடம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். முத்திரை இல்லையே என்றார் உறுப்பினர். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று பதில் வந்தது. பாதி வரிகள் மங்கலாக இருக்கின்றன, தெளிவான தட்டச்சுப் பிரதி ஒன்றும் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தட்டச்சுப் பிரதி பி.டி.எஃப். ஆக ஆன்லைனில் ஏறியது. நிர்மலா அதை அவனுக்கு அனுப்பி, ஒருமுறை பார்த்துவிடுங்கள், வரி மாறியிருந்தால் சொல்லுங்கள் என்றார்.

மாதவராஜுக்குத் தனியார் பாலிடெக்னிக் ஒன்றின் கம்ப்யூட்டர் லேபில் வேலை. மதியம் மாணவர்கள் சாப்பிடப் போனபின் அதைத் திறந்தான். வரி மாறவில்லை. வரி உடைந்த இடம்கூட மாறவில்லை. வலது மூலைக் காலிக் கட்டமும் அப்படியே இருந்தது. புதிதாக அடிக்காமல், கடிதத்தின் பழைய கோப்பையே பி.டி.எஃப். ஆக்கியிருக்கிறார்கள். மூட நினைத்து மேலே போன கண் அங்கேயே நின்றது. கோப்பின் பெயர் இருக்க வேண்டிய பட்டையில் jpUkjp என்று தொடங்கி ஒரு குப்பை வரி ஓடிக்கொண்டிருந்தது.

அது குப்பை இல்லை என்று அவன் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரிந்தது.

முருகேஷ் கடையில் இன்னும் பழைய எழுத்துருதான். அதில் அடிக்கும்போது உள்ளே பதிவது ஆங்கில எழுத்து. அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவதுதான் எழுத்துருவின் வேலை. எழுத்துரு போகாத இடத்தில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிந்துவிடும். பார்ப்பவர்கள் வைரஸ் என்பார்கள், ஃபைல் கெட்டுவிட்டது என்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் அப்படித்தான் நினைத்திருப்பார். மாதவராஜ் விசைப்பலகைமேல் விரல்களை வைத்து அந்த வரியை மெதுவாக அடித்துப் பார்த்தான். முதல் விசை த. அடுத்தது இகரக் குறி. அப்புறம் ரு.

'திருமதி தேவிப்பிரியா மாதவராஜ் உத்தரகிரியைப் பத்திரிகை.'

அந்தக் கடையில் லேசில் யாரும் புதிதாக ஒரு பக்கம் திறப்பதில்லை. திறந்தால் ஓரம், வரி இடைவெளி எல்லாம் மறுபடி வைக்க வேண்டும். கடைசியாகச் செய்த கோப்பை எடுத்து, உள்ளே இருப்பதை அழித்து, புதியதை அடித்து, வேறு பெயரில் சேமிப்பார்கள். காதுகுத்து அழைப்பின்மேல் வாடகை ஒப்பந்தம், அதன்மேல் கோயில் கமிட்டிக் கடிதம். மாதவராஜும் அப்படித்தான் கற்றுக்கொண்டான். ஆனால் ஒரு கோப்பை முதல்முறை சேமிக்கும்போது வேர்டு அதன் முதல் வரியை எடுத்துத் தலைப்பு என்று உள்ளே வைத்துக்கொள்ளும். மேலே எத்தனை முறை அழித்து எழுதினாலும் அது உள்ளேயே கிடக்கும். பி.டி.எஃப். ஆக்கினால் கூடவே வரும். தேவிப்பிரியாவின் பத்திரிகைக்கு மட்டும் முருகேஷ் புதுப் பக்கம் திறந்திருக்கிறான்.

நான்கு பத்துக்கு அவள் உயிரோடு இருந்தாள். உயிரோடு இருப்பவளுடைய காரியப் பத்திரிகைமேல் யார் கடிதம் அடிக்க முடியும்?

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். பீரோவில் காரியப் பத்திரிகை ஒன்று இருந்தது. மறுப்புக் கடிதத்தின் நகலை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தான். ஓரங்கள் பொருந்தின. ஐந்து வரிகள் பாதியில் நின்ற இடத்தில் பின்னாலிருந்து தேவிப்பிரியாவின் முகம் தெரிந்தது. தாலி கட்டிய மறுநாள் எடுத்த போட்டோ. போட்டோவை அழித்த முருகேஷ் அதைச் சுற்றிப் போட்ட பெட்டியை அழிக்க மறந்திருக்கிறான். எழுத்து அந்தப் பெட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கியே ஓடியிருக்கிறது.

அவன் அழவில்லை. கை வலிக்கும்வரை தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நிர்மலா போனில் முழுதும் கேட்டார். நல்ல விஷயம்தான், ஆனால் இது மட்டும் போதாது என்றார். தட்டச்சுப் பிரதியை இப்போதுதான் ஒரு கடையில் கொடுத்து அடித்தோம், கடைக்காரர் பழைய கோப்பின்மேல் அடித்துவிட்டார், அசல் கடிதம் வேறு என்பார்கள். அசல் கடிதத்திலேயே அந்தக் கட்டம் இருக்கிறதே என்றான். அது நமக்குப் பலம். ஆனால் காரியப் பத்திரிகையை எந்தத் தேதியில் உருவாக்கினார்கள் என்று காட்ட வேண்டும், கணினியிலிருந்த மூலக் கோப்பு கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைத்தது. அவன் போனிலேயே இருந்தது. செப்டம்பர் 5 மதியம் முருகேஷ் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான்: 'மாப்ள புரூப் பாத்து ஓகே சொல்லு.' அவசரத்தில் பி.டி.எஃப். ஆக்காமல் வேர்டு கோப்பையே அனுப்பியிருக்கிறான். அன்று திறந்தது மட்டும் மாதவராஜுக்கு நினைவிருந்தது. போனில் எழுத்துரு இல்லை. பக்கம் முழுக்கக் கிறுக்கல், வலது மூலையில் அவள் முகம் மட்டும் சரியாக. ஓகே என்று அனுப்பிவிட்டு மூடியவன் பிறகு அதைத் தொடவில்லை.

இப்போது அதன் ஒரு பிரதியை எடுத்து விவரங்களைப் பார்த்தான். உருவாக்கிய நாள் செப்டம்பர் 5, காலை 11.12. தலைப்பு அதே குப்பை வரி. ஆக்கியவர் என்ற இடத்தில் முருகேஷ். தட்டச்சுப் பிரதியிலும் ஆக்கியவர் முருகேஷ்தான்.

எதையும் மாற்றாதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள் என்று நிர்மலா சொன்னார். மறுநாள் அவன் கடத்தூருக்குப் போனான்.

முருகேஷ் ஒரு கிழவருக்குச் சாதிச் சான்று விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். வா மாப்ள, இந்த நேரத்தில் எங்கே என்றான். மாதவராஜ் ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் தூக்கி, இரண்டு நகல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்து, மூடியை இறக்காமலே பொத்தானை அழுத்தினான். வெளிச்சம் கீழிருந்து ஊர்ந்துபோனது. கட்டத்துக்குள் முகம் வந்து மறைந்தது.

முருகேஷ் பார்த்தான். கிழவரிடம் சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றான்.

"எப்படா கையெழுத்து வாங்குன?"

"எட்டாம் நாளு" என்றான் முருகேஷ். "வண்டி சீட்டு மேல வெச்சுத்தான் போட்டுக் குடுத்த. ஆஸ்பத்திரி மேனேஜரு கடைக்கே வந்துட்டாருடா. ஃபைலு முழுசா இல்ல, இன்ஸ்பெக்சன் வந்தா மாட்டிக்குவோம், ஒரு பேப்பரு வேணும்னாரு. அவரு சொல்லச் சொல்ல அடிச்சேன். நீ கேஸு போடுவேன்னு யாருக்குத் தெரியும்?"

"மூணாந்தேதின்னு நீதான் அடிச்ச."

"அவரு சொன்னாரு."

"நாலு மணிக்கு நீ எங்கூடத்தான உக்காந்திருந்த. யாராச்சும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்கன்னு சொன்னாங்களா?"

முருகேஷ் மிஷினின் மூடியை இறக்கினான். தெருவில் பொம்மிடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இல்லடா. யாரும் வரல. ஒரு நர்ஸு வந்து டீ குடிச்சீங்களான்னு கேட்டா. நீ வேணாம்னு தலையாட்டுன. அவ்ளோதான்."

டீ. மாதவராஜ் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். சிவப்பு நாற்காலியும் குனிந்த நர்ஸும் அவனுடைய அந்தத் தலையாட்டலும் இப்போது ஒன்றாக வந்து சேர்ந்தன. அவன் வேண்டாம் என்றது ஒரு டம்ளர் டீயை.

"நாந்தான் வேணாம்னு சொல்லிட்டனோன்னு உங்கிட்டக் கேட்டேன்" என்றான். "வுடு மாப்ளன்ன."

"எப்பிட்றா சொல்றது? சொன்னா எல்லாத்தையுமே சொல்லணுமே."

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்தியே. எதுக்கு? எனக்குச் சோறு போடவா, கேஸு எங்க நிக்குதுன்னு பாக்கவா?"

ரெண்டுக்குந்தான் என்றான் முருகேஷ். அதைச் சொல்லும்போது அவன் குரல் பொய்யாக இல்லை. மாதவராஜுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரேயடியாக எதிரியாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பான்.

"நீ படிச்சவன்தானடா" என்றான் முருகேஷ் திடீரென்று. "ஒரு வரி படிச்சுப் பாத்துட்டுப் போட்டிருந்தா இன்னைக்கு இது இல்ல."

"நீ நீட்டுன. அதான் படிக்கல."

பிறகு முருகேஷ் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தான். அந்தப் புரூஃப் கோப்பு போனில் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றான் மாதவராஜ்.

"அதக் குடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆத்தர்ங்கிற எடத்துல எம்பேரு இருக்கும் பாரு, அத மட்டும் எடுத்துட்டுக் குடு. ரெண்டு கிளிக்கு. ரெண்டு புள்ளைங்க வெச்சிருக்கறன் மாப்ள."

"தொட்டா தேதி மாறிடும்."

"மாறாமப் பண்ணலாம். போனக் குடு, நானே பண்ணித் தரேன்."

கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். காரியப் பத்திரிகைக்கு நல்ல போட்டோவாக ஒன்று கொடு, நானே பண்ணித் தருகிறேன் என்று அன்றும் இதே மாதிரிதான் நீட்டினான்.

"நீ பண்ணிக் குடுத்தது போதும்டா" என்றான் மாதவராஜ். தாள்களை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

போனிலிருக்கும் கோப்பை ஆணையம் ஏற்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் போனுக்கு உரியவன் கையெழுத்திட வேண்டும், இன்னொன்றில் கணினி நிபுணர். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட எண் ஒன்றும் அதில் போக வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும். நிர்மலா எல்லாம் தயார் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். மாதவராஜ் மாமனாருக்குப் போன் செய்து, முடிந்தால் நீங்களும் வாருங்கள் என்று மட்டும் சொன்னான். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வந்தார். வக்கீல் அலுவலகத்தில் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. மாதவராஜ் இரண்டு தாள்களையும் அவரிடம் கொடுத்து ஜன்னலைக் காட்டினான். கோவிந்தன் தாள்களைச் சேர்த்து வெளிச்சத்துக்கு உயர்த்தினார். தக்காளிச் செடியின் கறை படிந்த கட்டைவிரல் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் போய் நின்றது. தேதி விவரத்தை நிர்மலா சொல்லிக்கொண்டே போனார். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"கூட்டிக்கிட்டுப் போங்கன்னு யாரும் சொல்லலீங்களா மாப்ள?"

"சொல்லலீங்க மாமா. சொல்லியிருந்தா தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேன்."

பதினொரு மாதத்தில் முதல்முறையாக அந்தப் பதில் அவனிடம் இருந்தது. கோவிந்தன் தாள்களை இறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு, கலைமணிக்கும் இதைக் காட்ட வேண்டும், ஒரு நகல் கிடைக்குமா என்று நிர்மலாவிடம் கேட்டார். பிறகு வந்து மருமகனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிர்மலா சான்றிதழை நீட்டினார். இங்கே போடுங்கள் என்று பேனா முனையால் காட்டினார். மாதவராஜ் பேனாவை வாங்கவில்லை. முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். போனின் மாடல், எண், கோப்பின் பெயர், வந்த நாள், அந்த நீண்ட எண்ணின் ஒவ்வொரு எழுத்தும். மணியாகிறது, பதிவகம் மூடிவிடுவார்கள் என்றார். அவன் இரண்டாம் முறையும் படித்துவிட்டுத்தான் போட்டான். வாலை மேலே இழுத்துச் சுழித்தான்.

பிறகு பிரமாணப் பத்திரம். கோப்பை உருவாக்கியவர் பெயர் என்ற இடம் வந்ததும் அவன் முருகேஷின் அப்பா பெயரையும் கதவு எண்ணையும் யோசிக்காமல் சொன்னான். நிர்மலா எழுதிக்கொண்டார்.

"அவரு உங்களுக்கு என்ன வேணும்? குறுக்கு விசாரணைல கேப்பாங்க, இப்பவே சரியா போட்டுரலாம்."

மாதவராஜ் மேசைமேல் இருந்த காரியப் பத்திரிகையைப் பார்த்தான். அழைப்பவர்கள் என்ற வரிசையில், கோவிந்தன் பெயருக்கும் அவன் பெயருக்கும் கீழே, உயிர் நண்பன் என்று போட்டு முருகேஷ் தன் பெயரைத் தானே அடித்திருந்தான்.

"ஜெராக்ஸ் கடைக்காரர்னு போட்டுக்குங்க மேடம்" என்றான்.